பேர் எழுதாத நாற்காலிகள்

ஒரு ஊரிலே, கிழக்கே போனால் உப்பளமும் மேற்கே போனால் உடைமுள்ளும் தவிர வேறெதுவும் எதிர்ப்படாத ஒரு ஊரிலே, மாவு மில் வைத்திருந்த ஒருத்தர் இருந்தார், அவருக்கு ஒரு பெண்சாதி இருந்தாள், அந்தப் பெண்சாதிக்கு ஒரு நோய் இருந்தது, அந்த நோய் இன்னதென்கிற சேதி அவளைத் தவிர ஊர் மொத்தத்துக்கும் தெரிந்திருந்தது.

மில்காரர் பேர் தவசிமுத்து, அவர் பெண்சாதி சொர்ணக்கிளி. ஆவணி மாதம் தூத்துக்குடியில் டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கர்ப்பப்பையில் வந்த புற்று இடுப்பெலும்புக்குப் போய்விட்டது, இனி வெட்டி எடுக்க ஒன்றுமில்லை, ஆனால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்றே வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் இருக்கிறாள் என்று சொன்னார். வெளியே வந்தவரிடம் அவள் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க, நரம்பு பிசகியிருக்காம், நாளாகுமாம், வேறொன்றுமில்லை என்று அவர் வாயிலிருந்து அது தானாக வந்தது. வந்ததை அவர் திருப்பி எடுக்கவில்லை. ஊருக்கு வந்ததும் வீடு வீடாகப் போய், அவளிடம் யாரும் மூச்சு விட்டுவிடக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

அந்த ஊரில் அது புதுசும் இல்லை. டாக்டர் ஆம்பளையிடம் சொல்வார், ஆம்பளை தெருவிடம் சொல்வார், தெரு அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, படுத்திருக்கிற ஆளிடம் மட்டும் சிரித்த முகமாகப் போய் இளநீர் கொடுத்துவிட்டு வரும். சேதியைக் காதால் கேட்டால் கேட்ட அந்த நிமிஷமே உயிர் போய்விடும் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். அதனால் சொல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த பெரிய வைத்தியமாக இருந்தது.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் காலையில் வாசல் தெளிக்கப் போன மகள் பிரம்மசக்தி, வாளியும் கையுமாக அப்படியே நின்றாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. தவிட்டு நிறம், கை வைத்தது, விசேஷ வீடுகளில் போடுகிற மாதிரியானது. தெருவைப் பார்த்துப் போடாமல் வீட்டு வாசற்படியைப் பார்த்துப் போட்டிருந்தது. தூக்கி ஓரமாக வைக்கலாம் என்று கை வைத்தவள், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல உட்காருமிடம் சூடாக இருந்ததால் கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு கிடந்தன. அதற்கு மறுநாள் மூன்று.

பந்தல் கடை சேர்மக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அவர் கடைச் சேர்தான் போகும், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் கடைப்பேர் எழுதியிருக்கும். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், பேர் எதுவும் எழுதவில்லை. "எனக்கு லோடு ஏத்த ஆளே வரமாட்டேங்கான். உமக்குச் சேரே நடந்து வருது. குடுத்துவச்ச ஆளுவே நீரு" என்று சிரித்தார், சிரித்தபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு வீட்டு வாசலில் சேர் வரிசையாகக் கிடந்தால் அந்த ஊரில் அதற்கு இரண்டே காரணம்தான், அதில் நல்லது ஒன்று.

அவரே லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்த் தன் குடோனில் போட்டுப் பூட்டினார். விடிந்தபோது அவை திரும்பி வந்திருந்தன, கூட ஒன்று. உப்பளத்துக் கால்வாயில் வீசிப் பார்த்தார்கள், ஈரமில்லாமல் வந்து நின்றன. மகளிர் குழுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஹெட்மாஸ்டர் கேட்டு வாங்கிப் போனார், எங்கே போனாலும் பால்காரர் மணி அடிக்கும் முன்பே வாசலுக்கு வந்து, படியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. பிறகு ஊர் அவற்றை அப்படியே விட்டுவிட்டது. பெரியவர்கள் வந்து பேப்பர் படித்தார்கள், பிள்ளைகள் பாட்டுப் போட்டுச் சுற்றி ஓடினார்கள், பால்காரர் பாக்கெட்டை இரண்டாவது நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். முதலாவதில் யாரும் உட்காரவில்லை, உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. நாய்கள் மட்டும் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போயின. கடைசியில் ஊரார் நாள் கணக்கையே அதை வைத்துச் சொல்லத் தொடங்கினார்கள்: அந்த வீட்டில் பசு கன்று போட்டது இருபதாவது சேர் வந்த அன்றைக்கு, இந்த வீட்டில் பேரன் பிறந்தது முப்பத்தொன்றாவது சேர் வந்த அன்றைக்கு.

சொர்ணக்கிளி படுத்திருந்தது முன்னறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில். ஒருநாள் தலையணையில் கையூன்றி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வாசல்ல எதுக்கு இவ்வளவு சேரு?" என்று கேட்டாள்.

தவசிமுத்து இரண்டு காரணத்தில் நல்லதை எடுத்துக் கொடுத்தார். "நம்ம பிரம்முவுக்குக் கல்யாணம் பேசியாச்சுல்லா. நாள் குறிச்ச பொறவு ஒன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

சொல்லியாகிவிட்டது, இனி பேசித்தான் ஆகவேண்டும். அன்றைக்கே பஸ் ஏறித் திருச்செந்தூர் பக்கம் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய், அக்காள் மகன் பொன்னுலிங்கத்துக்குப் பெண் தருகிறேன் என்றார். அக்காள் விஷயம் தெரிந்தவள், அழுதுகொண்டே சரி என்றாள். ஊரும் சரி என்றது, அந்த வீட்டுக்காக எல்லாவற்றுக்கும் சரி சொல்லிப் பழகியிருந்தது. பிரம்மசக்தி மட்டும், மதுரையில் லேப் படிப்புக்கு இடம் கிடைத்தும் அம்மாவுக்காகப் போகாமல் நின்றவள், மில்லுக்கு வந்து பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் தகப்பனிடம் கேட்டாள்:

"அம்மாகிட்ட சொன்ன பொய்ய மறைக்கதுக்கு என்னையக் கட்டிக் குடுக்கியளாப்பா?"

அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா மொகத்தப் பாத்தியாட்டி? எத்தன நாளைக்குப் பொறவு சிரிக்கா" என்றார். அம்மா சிரித்ததை அவளும் பார்த்திருந்தாள்.

சொர்ணக்கிளி சிரித்தது உண்மை. ஆனால் அவள் அந்தக் கல்யாணத்தை முழுசாக நம்பியதால், யாரும் நினைக்காத ஒன்றைச் சொன்னாள். எனக்கு நரம்பு சரியாகட்டும், நான் என் கால்ல நின்று மகளுக்கு மாலை எடுத்துக் கொடுக்கணும், தைக்குத் தள்ளிப் போடுங்க என்றாள். அன்றிலிருந்து குணமாகிக்கொண்டு வருகிறவளாகவே நடந்துகொண்டாள். செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டரில் வருகிற நர்ஸ் ஜெனிட்டா, பத்து விரலையும் விரித்துக் காட்டி, வலி இதில் எத்தனைக்கா என்று கேட்பாள். சொர்ணக்கிளி போர்வைக்குள் ஒரு கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரண்டு விரலைக் காட்டுவாள்.

ஜெனிட்டா முதல் நாளே தவசிமுத்துவிடம் சொல்லிவிட்டாள், நானாக வாய் திறக்க மாட்டேன், ஆனால் அக்கா என்னிடம் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று. அதனால் அவர் அந்த இரண்டு பேரையும் ஒருநாளும் தனியாக விடவில்லை. ஜெனிட்டா வலிக்கென்று கொடுத்துவிட்டுப் போன மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை தர வேண்டியது. அதற்கு அந்த ஊரில் கடைசி மாத்திரை என்று பேர். இதற்கு முன்னால் அதைச் சாப்பிட்ட மூன்று பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சாகிற வாரம்வரை தள்ளிப்போட்டுப் பயந்து பயந்து கொடுத்தால் பிறகு வேறென்ன நடக்கும், அதை யாரும் யோசிக்கவில்லை. தவசிமுத்துவும் யோசிக்கவில்லை. மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து மில்லில் ஆணி போட்டுவைக்கிற தகர டப்பாவில் போட்டு மூடினார், வெறும் அட்டையை நர்ஸிடம் காட்டினார், காய்ச்சல் மாத்திரையை மனைவிக்குக் கொடுத்தார். அது அவளைக் காப்பாற்றுகிற காரியம் என்றுதான் அவர் நினைத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. உப்பளம் வேலையில்லாமல் தண்ணீர் கட்டிக் கிடந்தது. கொட்டுகிற மழையிலும் நாற்காலிகள் நனையவில்லை, தொட்டால் சூடாகவே இருந்தன. அவை தெருவை அடைத்து, தெருக்கோடி முக்கைத் தாண்டி, மினி பஸ் திரும்புகிற இடம்வரை போய்விட்டன. பஸ்காரர் அம்மன் கோவிலோடு நிறுத்திக்கொண்டார். சொர்ணக்கிளியால் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாலும் சத்தம் வெளியே வந்தது. தவசிமுத்து அப்போது ஒரு காரியம் செய்தார், அதை நினைத்தால் இப்போதும் அந்த ஊரில் பேச்சு நின்றுவிடும். அரைக்க ஒரு மணி அரிசி இல்லாமல் அவர் மில்லை ஓட்டினார். அவள் கத்தும்போதெல்லாம் மில் ஓடியது. கல்லோடு கல் அரைபட்டுக் கருகுகிற வாசனை தெருவெல்லாம் வந்தது. மில் ஓடுது என்று சொல்லிக்கொண்டு ஊரார் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு நாற்காலி வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், அவளைப் பார்த்து நின்றது. இது எதுக்கு உள்ளே என்று அவள் கேட்டாள். வெளியே இடமில்லை என்றார். மறுநாள் இரண்டு, அதற்கடுத்து மூன்று. வெள்ளிக்கிழமை வந்தபோது கட்டிலைச் சுற்றி நெருக்கமாக நின்றன, கதவைச் சாத்த முடியவில்லை. "இதுல யாரு உக்காந்திருக்கா?" என்று அவள் கேட்டாள். அவர் மில்லுக்குப் போய் சுவிட்சைப் போட்டார்.

அன்றைக்கு ஜெனிட்டா ஸ்கூட்டரைக் கோவிலிலேயே விட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவில் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வந்தவள் வீட்டுக்குப் போகாமல் வாசனை வந்த பக்கமாக மில்லுக்குள் நுழைந்து, அரிசி கொட்டுகிற வாயை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. சுவிட்சை அமர்த்தினாள். மில் நின்றதும், அதற்கு அடியில் இத்தனை நாளாகக் கிடந்த சத்தம் தனியாகக் கேட்டது. தவசிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவராகவே டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

ஜெனிட்டா மாத்திரைகளுக்கு நடுவிலிருந்த ஆணிகளைப் பார்த்தாள். "டப்பாவுக்கு வலி நல்லாப் போயிருக்கும் அண்ணாச்சி" என்றாள். அவள் குரல் உயரவில்லை.

இதைக் கொடுத்தால் செத்துப்போவாள் என்று அவர் சொன்னார். கொடுக்காவிட்டாலும் போவாங்க, இப்படிக் கத்திக்கொண்டு போவாங்க என்று அவள் சொன்னாள். அப்புறம், இப்போது மருந்து கொடுக்கிறேன், கொஞ்ச நேரத்தில் வலி இறங்கும், இறங்கினால் அக்காவுக்கு யோசிக்க முடியும், யோசிக்க முடிந்தால் முதலில் என்னிடம்தான் கேட்பாங்க, அதற்கு முன்னால் நீங்கள் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து சொர்ணக்கிளியின் கை கட்டில் சட்டத்தை விட்டது. ஐப்பசிக்குப் பிறகு முதல்தடவையாகக் காலை நீட்டிப் படுத்தாள். தவசிமுத்து கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் சூடு வேட்டியைத் தாண்டி ஏறியது.

"கிளி. இது நரம்பு இல்ல."

சொன்னார், எல்லாவற்றையும் சொன்னார், டாக்டர் சொன்னது, மாத்திரை, டப்பா, கல்யாணம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வார்த்தையோடு நின்றுவிடுமோ, அடுத்த வார்த்தையோடு நின்றுவிடுமோ என்று பார்த்தார். அது ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆவணியில."

அவள் விரலை மடக்கினாள். "ஆவணி, பெரட்டாசி, ஐப்பசி." கார்த்திகையில் விரல் நின்றது. "எனக்கு இருந்ததே இவ்வளவுதான். அதையும் நீங்க எடுத்து வச்சிக்கிட்டிய."

அவர் அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு காரியம் சொன்னாள். கல்யாணம் வேண்டாம், பிரம்மு மதுரைக்குப் போகட்டும். அடுத்தது, நாளைக்குக் காலையில் ஊரை வரச் சொல்லுங்கள். "நான் செத்த பொறவு வந்து என்னென்ன பேசுவாவளோ, அத என் காதுல விழுதாப்ல இப்ப வந்து பேசட்டும். சேருதான் கெடக்கே."

சனிக்கிழமை பத்து மணி மாத்திரையைப் போட்டுவிட்டு, ஜெனிட்டாவும் பிரம்மசக்தியும் அவளை வாசலுக்குத் தூக்கிக் கொண்டுவந்து, இதுவரை யாரும் உட்காராத முதல் நாற்காலியைத் திருப்பி, தலையணை கொடுத்து உட்கார வைத்தார்கள். அது திரும்பியபடியே நின்றது. ஊர் வந்தது. என்ன முகத்தோடு வருவது என்று தெரியாமல் வந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி சரியாக இருந்தது, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை.

முதலில் எதிர்வீட்டுச் செல்லத்தாய் எழுந்து, பதினொரு வருஷத்துக்கு முன் கோவில் கொடைக்கு வாங்கிப்போய்த் தொலைந்துவிட்டது என்று சொன்ன பித்தளைச் செம்பு தொலையவில்லை, தன்னிடம்தான் இருக்கிறது என்றாள்.

"தெரியும் மைனி" என்றாள் சொர்ணக்கிளி. "ஒங்க வீட்டுக்கு வாரப்பல்லாம் அதுலதான எனக்குத் தண்ணி தந்திய. என் பேரு வெட்டியிருக்கதயாவது தேச்சிருக்கலாம்."

ஊர் சிரித்தது. அதற்கப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் புளிக்குழம்பைப் பற்றி, அவள் வாய்த்துடுக்கைப் பற்றி, ஒரு பிரசவத்துக்கு அவள் மழையில் ஓடி ஆட்டோ பிடித்து வந்ததைப் பற்றி. சிலர் அழுதார்கள், அழுகிறவர்களை அவள் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக சேர்மக்கனி எழுந்தார். அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"எங்க வீட்டு வாசல்ல இன்னைக்குக் காலையில ஒண்ணு கெடக்கு" என்றார். "திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். பேரு எழுதல."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி மெல்ல எழுந்து தன் வீடு இருக்கிற திசையைப் பார்த்தாள், பிறகு இன்னொருத்தரும் பார்த்தார்.

"யாருக்குன்னு தெரியுமா அண்ணாச்சி?" என்று சொர்ணக்கிளி கேட்டாள்.

"தெரியலம்மா. வீட்ல நாலு பேரு இருக்கோம்."

"அப்ப நாலு பேரையும் உக்கார வச்சிப் பேசிருங்க. தள்ளிப் போடாதிய."

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாததால் கூட்டம் கலையத் தொடங்கியது. அதிலும் ஒரு தடுமாற்றம் வந்தது. சாவு வீட்டிலிருந்து புறப்படும்போது அந்த ஊரில் யாரும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை, பேசாமல் எழுந்து போக வேண்டும். இது சாவு வீடா இல்லையா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. செல்லத்தாய் வாறேன் என்று பாதி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லிட்டே போங்க மைனி, நான் இருக்கம்லா" என்றாள் சொர்ணக்கிளி. அப்படியும் பாதிப் பேர் சொன்னார்கள், பாதிப் பேர் சொல்லாமல் போனார்கள். சேர்மக்கனி வேகமாக நடந்தார். மதுரைப் படிப்புக்குச் சர்டிபிகேட்டை நகல் எடுத்துவரச் சொல்லி, சொர்ணக்கிளி ஜெனிட்டாவோடு பிரம்மசக்தியையும் அனுப்பிவிட்டாள்.

தவசிமுத்து மட்டும் நின்றார். தண்ணீர் வேண்டுமா, உள்ளே தூக்கிப் போகட்டுமா, தலையணையைச் சரியாக்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நீங்களும் போங்க."

"நான் எங்கன போவ?"

"எங்கனயாவது. இவ்வளவு நாளா என்னத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருந்திச்சி. கொஞ்ச நேரம் எனக்கு மட்டும் தெரிஞ்சி இருக்கட்டும்."

அடுத்த மாத்திரை ரெண்டு மணிக்கு என்றார் அவர்.

"ரெண்டு மணிக்கு வாங்க. இருந்தா போட்டுக்கிடுதேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வெறும் நாற்காலிகள் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டு, அப்போதுதான் கைக்கு வந்த சொந்தப் பொருளை மடியில் வைத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கி வழி எடுத்து, முக்கைத் தாண்டி, மினி பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டி, மழைத் தண்ணீர் கட்டிக் கிடந்த பாத்திகளுக்கு நடுவே போகிற உப்பளத்து வரப்பில், ரெண்டு மணிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதென்று தெரியாமல் நடந்து போனார்.